ஏழாம் நம்பர் காரின் தண்ணீர்க் கணக்கு

ரேம்ப்பில் நின்ற கார்

நெய்வேலியில் கம்பெனியின் லைட் வெஹிக்கிள் ஷெட்டில் நான் மெக்கானிக்காகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி. சித்திரை வெயில். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு ஷெட்டுக்குப் போன் வந்தது. திறந்தவெளிச் சுரங்கமான மைன்ஸிலிருந்து மேலே ஏறும் ரேம்ப்பில், பாதி மேட்டில், ஏழாம் நம்பர் கார் ஆவி கக்கிக்கொண்டு நிற்கிறதாம். உள்ளே டெபுடி சீஃப் என்ஜினீயர் இருக்கிறாராம்.

டெபுடி சீஃபுக்கு முதுகுவலி. ஜீப்பில் உட்கார மாட்டார். அதனால்தான் அந்தப் பழைய அம்பாசிடர் தினமும் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

நானும் எங்கள் ஃபோர்மேன் நாச்சிமுத்துவும் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனோம். எதிர்ப்பட்ட ஏதோ ஒரு வண்டியில் டெபுடி சீஃப் அதற்குள் போய்விட்டிருந்தார். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு டிரைவர் ஏழுமலை மட்டும் வெயிலில் நின்றார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், என் வயதுதான். அவர் வீட்டில் எல்லாரும் கூலி வேலைக்குப் போனவர்கள். ஸ்டியரிங் பிடித்தவர் அவர் ஒருவர்தான். ஐந்து வருடமாகக் கான்ட்ராக்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். பெர்மனன்ட் ஆக்குவதற்கான இன்டர்வியூவுக்கு அந்த மாதம்தான் லிஸ்டில் பெயர் வந்திருந்தது.

ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என்ஜினைத் தொட முடியவில்லை. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"என்னப்பா, தண்ணி பாக்கலியா நீ?" என்றார் நாச்சிமுத்து.

"காலைல ஃபுல்லா ஊத்தினேங்க" என்றார் ஏழுமலை. என்னை ஒரு தடவை பார்த்தார்.

அந்தப் பார்வைக்குக் காரணம் இருந்தது.

நான் எழுதிய வரி

அதற்கு இருபது நாள் முன்னால் அதே காரை ஏழுமலை என்னிடம்தான் கொண்டுவந்து விட்டிருந்தார். தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றார். அப்போதெல்லாம் கூலன்ட் என்ற பேச்சே எங்கள் ஷெட்டில் கிடையாது. குழாய்த் தண்ணீர்தான்.

நான் ஏனோதானோ என்று பார்க்கவில்லை. இரண்டு ஹோஸையும் மாற்றினேன். வாட்டர் பம்ப்பில் கசிவு இல்லை. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. கடைசியாக ரேடியேட்டரையே கழற்றி, மேல் வாயையும் கீழ் வாயையும் ரப்பர் கார்க்கால் அடைத்து, தொட்டியில் முக்கிக் காற்றடித்தேன். ஒரு குமிழி வரவில்லை. மறுபடி மாட்டி, அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டு, கீழே நியூஸ் பேப்பர் விரித்துப் பார்த்தேன். பேப்பர் காய்ந்தே கிடந்தது.

வண்டியில் பார்த்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதினேன்: 'நோ லீக். டிரைவர் டு செக் வாட்டர் டெய்லி.'

இரண்டாவது வாக்கியத்துக்குத் தேவையே இல்லை. கார்டில் இடம் இருந்தது, எழுதினேன். ஒரு மெக்கானிக்குக் குற்றம் கண்டுபிடிக்க முடியாதபோது கை தானாக டிரைவர் பக்கம் போய்விடும்.

ரேம்ப்பில் கார் நின்ற மறுநாள் டெபுடி சீஃப் ஆபீஸிலிருந்து அந்த ஜாப் கார்டைக் கேட்டு வாங்கிப் போனார்கள். மூன்றாம் நாள் ஏழுமலைக்கு மெமோ வந்தது. தண்ணீர் பார்க்காமல் அலட்சியமாக ஓட்டி என்ஜினைக் கெடுத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். விசாரித்து முடிவு சொல்லும்வரை டியூட்டி கிடையாது. இன்டர்வியூவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மெமோவில் என் வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள் என்று டைம் ஆபீஸ் கிளார்க் சொன்னார். அன்று மத்தியானம் கேன்டீனில் வாங்கிய சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பால் பவுடர் டப்பா

டியூட்டி இல்லாவிட்டாலும் ஏழுமலை தினமும் வந்தார். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். நான் ஏழாம் நம்பர் காரின் ஹெட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் அவர் இருக்கும் திசையையே பார்க்காமல் வேலை செய்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏழுமலை, தண்ணி எப்பெப்போ குறைஞ்சுது, சொல்லுங்க."

"இப்ப கேக்கிறீங்களே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

பிறகு சொன்னார். "நான் பால் பவுடர் டப்பா ஒண்ண வெச்சு அளந்துகினு இருந்தேன் சார். டவுன்ஷிப்புல பிளாக் பிளாக்கா நாள் பூரா ஓட்டினாலும் கால் டப்பா கொறையாது. மைன்ஸுக்குள்ள எறங்கி ஏறினா ஒரு ட்ரிப்புக்கு ரெண்டு டப்பா போவுது. எறங்கும்போது இல்ல. ஏறும்போதுதான்."

"எறங்கும்போது போகலைன்னு எப்படித் தெரியும்?"

"கீழ நிறுத்தினதும் மூடியத் தொறந்து பாத்துடுவேன்." வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே ஆவி பட்டுத் தோல் உரிந்த தழும்பு, புதிதும் பழசுமாக மூன்று.

"அன்னைக்கு ஏன் கீழ ஊத்தலை?"

"அன்னைக்கு அது ரெண்டாவது ட்ரிப்பு சார், மொத ட்ரிப்புலயே தண்ணி கொறஞ்சிருந்துச்சு. கீழ நிறுத்தினதும் டப்பாவ எடுத்துகினுதான் வண்டிய வுட்டு எறங்கினேன். ஐயாவுக்கு மீட்டிங்கு. 'மேல போய்ப் பாத்துக்கலாம், எடுய்யா'ன்னாரு. எடுத்துட்டேன்."

"இதை விளக்கத்துல எழுதுனீங்களா?"

"எழுதினா? ஐயா பொய் சொல்றாருன்னு நான் சொன்னா மாதிரி ஆவாதா? வூட்டுல எழுதச் சொல்றாங்க. நான் எழுதல சார்."

நூல் மாதிரி ஒரு தண்ணீர்

ஏறும்போது மட்டும் ஒழுகுகிறது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அன்று மாலை குவார்ட்டர்ஸுக்கு சைக்கிள் மிதித்தேன். மேட்டில் ஏறும்போது காரில் என்ன மாறுகிறது? ஃபர்ஸ்ட் கியர். இழுவை. இழுக்கும்போது என்ஜின் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். மவுண்டிங் ரப்பர் அதைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் நைந்திருந்தால்?

ஹெட்டை ஏற்றி, புது கேஸ்கெட் போட்டு, தண்ணீர் நிரப்பிய அன்று ஏழுமலையைக் கூப்பிட்டு சீட்டில் உட்கார வைத்தேன். நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தேன். என்ஜின் சூடாகும் வரை காத்திருந்துவிட்டு, "ஹேண்ட் பிரேக் போடுங்க. ஃபர்ஸ்ட் கியர். கிளட்சைப் பாதி விட்டு ஆக்ஸிலேட்டர் கொடுங்க. மேடு ஏறுறதா நெனச்சுக்குங்க" என்றேன்.

கார் முனகியது. என்ஜின் இடது பக்கம் மூன்று விரல் அளவுக்குத் தூக்கிக்கொண்டது. அது தூக்கியபோது கீழ் ஹோஸ் விறைத்து, ரேடியேட்டரின் கீழ் வாயைப் பிடித்து இழுத்தது. வாய் அடித்தொட்டியோடு சேரும் ஈயப் பற்றில் ஒரு முடி அளவு வெடிப்பு திறந்தது. அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்சிச் சூடான சைலன்ஸர் பைப்பில் விழுந்து ஆவியாகப் போனது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. அவர் கிளட்சை மிதித்ததும் என்ஜின் உட்கார்ந்தது. வெடிப்பு மூடிக்கொண்டது.

தொட்டியில் முக்கியபோது ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. நான் அடித்து ஏற்றிய ரப்பர் கார்க் வெடிப்பைத் தாண்டி உள்ளே போய் அதையும் சேர்த்து அடைத்திருந்தது. லீக்கை நானே மூடி வைத்துவிட்டு, லீக் இல்லை என்று எழுதியிருந்தேன்.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தரையில் படுத்து இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுந்தார்.

"பத்து வச்சு, ரப்பர மாத்தி அனுப்பு. முடிஞ்சுது."

"புது கார்டு எழுதணும்ணே. முன்னால எழுதினது தப்புன்னு."

"ஏப்பா, நம்ம ஷெட்டுத் தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? நாளைக்கு ஒவ்வொரு டிரைவரும் அதையே சொல்லுவானுங்க."

"மெமோவுல இருக்கறது என் வரிண்ணே."

நாச்சிமுத்து கை துடைக்கும் வேஸ்ட்டை வெகுநேரம் கசக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "பத்து வைக்காத. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஜீப் ஒன்று ஷெட் வாசலில் நின்றது. முதுகைப் பிடித்துக்கொண்டு டெபுடி சீஃப் இறங்கினார். பின்னாலேயே நாச்சிமுத்து. எப்படிப் பேசி அழைத்து வந்தார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

ஏழுமலை மறுபடி சீட்டில் உட்கார்ந்தார். கிளட்சைச் சட்டென்று விட்டதில் முதல் தடவை என்ஜின் அணைந்தது. இரண்டாம் தடவை தூக்கியது. டெபுடி சீஃப் வெள்ளைச் சட்டையோடு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

"எங்கே?"

"அதோ, சைலன்ஸர் பைப்புக்கு மேலே சார்."

பார்த்துவிட்டார். நான் சொன்னேன்: "சார், அன்னைக்கு லீக் இல்லைன்னு எழுதினது நான். எனக்குக் கிடைக்கலைன்னுதான் எழுதியிருக்கணும். டிரைவர் பேரில் தப்பு இல்லை."

அவர் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு ஏழுமலையைப் பார்த்தார்.

"அன்னைக்குக் கீழே கையில் ஒரு டப்பா வச்சிருந்தே, இல்லே?"

"ஆமாங்க."

"விளக்கத்தில் அதை ஏன் எழுதலே?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்கு அவசரமா இருந்துச்சுங்க" என்றார்.

டெபுடி சீஃப் முகம் மாறியது. "வண்டியை எடுன்னு சொன்னது நான்தான்" என்று அவர் சொன்னது ஏழுமலையிடம் அல்ல, நாச்சிமுத்துவிடம். ஆனால் ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

மறுநாள் மெமோ வாபஸ் ஆனது. வெடிப்புக்கு ஈயம் வைத்தேன். இரண்டு பக்கமும் மவுண்டிங் ரப்பரை மாற்றினேன். சோதனைக்கு நானும் ஏழுமலையும் மைன்ஸுக்குள் நான்கு தடவை இறங்கி ஏறினோம். அவருடைய டப்பாவாலேயே அளந்தோம். கால் டப்பா கூடக் குறையவில்லை. புது கார்டில் என் கையெழுத்துக்குக் கீழே நாச்சிமுத்துவும் போட்டார். "எழுத்துப் பிழை இல்லாம எழுதுனியா?" என்று மட்டும் கேட்டார்.

ஏழுமலை இன்டர்வியூவுக்குப் போனார். பெர்மனன்ட் ஆனார்.

அப்படியும் இரண்டு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அது எனக்கு வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் வேறொரு காரைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தினார். பின்பக்கம் ஏதோ சத்தம். நான் ஜாக்கியை எடுக்கப் போனேன்.

"ஜாக்கி அப்பறம் சார்" என்றார். "மொதல்ல பேனா எடுங்க. நான் சொல்றத எழுதிக்கினு வாங்க."

எழுதினேன். எந்த ரோட்டில், எந்த கியரில், ஆள் இருக்கும்போதா இல்லாதபோதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் திருத்தச் சொன்னார். திருத்தினேன்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை என் ஜாப் கார்டுகளில் முதல் வரி டிரைவர் சொன்னதாகத்தான் இருக்கும். கண்டுபிடிக்க முடியாதபோது, கண்டுபிடிக்க முடியவில்லை என்றே எழுதுவேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். வண்டியோடு தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவரிடம் முதலில் கேளுங்கள். நீங்கள் காகிதத்தில் எழுதுகிற ஒரு வரியை யாரோ ஒருவர் மெமோவாகத் தன் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கும்.