ரப்பர் தோட்டத்து வழி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு விழா நடத்துவார்கள். விழா என்றால் பட்டிமன்றம் உண்டு. போன பொங்கலுக்கு வைத்த தலைப்பு: ‘கொரோனா காலத்தில் நம்மைக் காத்தது கட்டுப்பாடா, சுதந்திரமா?’ என்னைக் கட்டுப்பாட்டு அணிக்குத் தலைவராகப் போட்டிருந்தார்கள்.

அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. தலைமைச் செயலகத்தில் அரசாணைகளுக்கு வரைவு எழுதியே தலை நரைத்தவன் நான். நோய் வந்த முதல் வருஷம் எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளரும் நான்தான். தெரு முனையில் குறுக்கே மூங்கில் கட்டி, வெளியாள் ஒருவரையும் உள்ளே விடாமல் நிறுத்தினேன். அந்த மூங்கிலை அவிழ்த்து வருஷங்கள் ஆகியும் தெருவில் சிலர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பேச ஒப்புக்கொண்டேன். என் பக்கம் சரிதான் என்று கூட்டத்தில் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டால் உள்ளே கிடந்து அறுப்பது அடங்கிவிடும் என்று நினைத்தேன். அது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்கு ஒரே அக்கா. நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்தது. அந்த முதல் வருஷம் அவளுக்கு வந்தது கொரோனா அல்ல, கல்லீரலில் புற்று. வைத்தியத்தையெல்லாம் தாண்டிப் போய் வீட்டில் கிடந்தாள். பெற்றவர்கள் இல்லை, தம்பி ஒருவன் இருந்தவனும் போய்விட்டான். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது என் மனைவி ஒருத்திதான். எங்கள் நாஞ்சில் நாட்டு வழக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுபோய் அவள்மேல் போர்த்த வேண்டும். கோடி என்போம். அது விழாமல் பெண்ணை எடுப்பதில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுகிற தூரம். நடுவில் களியக்காவிளையில் மாநில எல்லை. எல்லை ஒன்று இருக்கிறது என்பதையே நாங்கள் அதுவரை நினைத்ததில்லை. அந்த வருஷம் அதை அடைத்தார்கள். கடக்கப் பாஸ் வேண்டும்.

அக்கா தினமும் போனில் கேட்பாள்.

“ஏட்டி, எப்ப வாறே?”

“பாஸ் வரட்டும் அக்கா. வந்த உடனே வாறேன்.”

“நான் என்ன சினிமாவா காட்டுதேன், பாஸ் எடுத்துட்டு வாறதுக்கு?”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த நிலைமையிலும் அவளுக்கு வாய் ஓயவில்லை.

பாஸுக்குக் கம்ப்யூட்டரில் நான்தான் விண்ணப்பம் போட்டேன். நோயாளி என்ன உறவு என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தது. எங்களுக்கு வழக்கமாகக் கார் ஓட்டுகிறவர் பாறசாலைக்காரர், எல்லைப் பக்கத்து நெளிவு சுளிவு எல்லாம் தெரிந்தவர். அவர் போனில் சொன்னார்.

“அம்மைன்னு போடுங்க சாரே. அம்மைன்னா பெட்டெந்நு கிட்டும், உடனே பாஸ் வரும்.”

“அவ அம்மா செத்துப் பல வருஷம் ஆச்சுப்பா.”

“அது கம்ப்யூட்டருக்கு அறியாமோ?”

எனக்குக் கோபம் வந்தது. அரசாங்கத் தாளில் இந்த வயதுவரை ஒரு பொய் எழுதியதில்லை, இனியும் எழுதமாட்டேன் என்றேன். ‘மனைவியின் மூத்த சகோதரி’ என்று திருத்தமாக எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடியும் அதையே எழுதினேன்.

அக்காவின் மகன் ஒரு நாள் அழுதுகொண்டே கூப்பிட்டான். “சித்தி, இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே கெடக்கா.”

அன்றைக்கே டிரைவர் ஒரு யோசனை சொன்னார். ஊடுவழிகளையெல்லாம் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார்கள், ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் போகிற வழி மட்டும் திறந்து கிடக்கிறது. “அது வரை நான் கொண்டு விடாம். சேச்சி கொஞ்சம் நடந்தா போதும். அப்புறத்து என் அளியன், தங்கச்சி மாப்பிள்ளை, வண்டியோட நிப்பான்.” சேச்சி என்று அவர் கூப்பிடுவது என் மனைவியை. விடிந்ததும் வருவதாகச் சொன்னார்.

என் மனைவி பீரோவிலிருந்து அரக்கு நிறத்தில் ஒரு புதுச்சேலையை எடுத்துப் பையில் வைத்தாள். அக்கா உயிரோடு இருந்தால் அது ஆசையாகக் கொண்டுபோன சேலை. இல்லையென்றால் கோடி. விடியும் முன்பே குளித்துவிட்டு வாசலில் தயாராக நின்றாள்.

வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க நான் தெரு முனைக்குப் போனேன். நான் கட்டிய மூங்கிலுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றது. டிரைவரிடம், வேண்டாம், திரும்பிப் போய்விடுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “சேச்சி?” என்றார். அவளும் வேண்டாம் என்றுவிட்டாள் என்றேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்: “அந்த வழியையும் ராத்திரியோட ராத்திரியா மண்ணு போட்டு அடைச்சுட்டாங்களாம்.”

“அப்படியா” என்றாள். பையைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலையில் அக்கா போய்விட்டாள். அவள் மகன் போனில் எல்லாவற்றையும் காட்டினான். கோடி போடும் நேரம் வந்ததும் யாரோ ஒரு பெண் சேலையை விரித்துப் போர்த்தினாள். “அது யாரு? எந்த வீட்டுப் பொண்ணு?” என்று என் மனைவி கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவள் பேசியதே இல்லை. சேலை மறுபடி பீரோவுக்குப் போயிற்று.

ஏன் செய்தேன் என்றால், பயம். எனக்குச் சர்க்கரை, நெஞ்சில் ஒரு ஸ்டென்ட். அவள் போய்விட்டு வந்தால் என்ன கொண்டுவருவாளோ என்று நடுங்கினேன். அந்த நடுக்கத்துக்குச் சட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். முகம் தெரியாத அதிகாரியிடம் பொய் சொல்லமாட்டேன் என்று நிமிர்ந்து நின்றவன், கூடவே வாழ்ந்தவளிடம் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

இதை வைத்துக்கொண்டுதான் மேடை ஏறினேன்.

நடுவர் நாகர்கோவிலிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். என்னை அறிமுகம் செய்யும்போதே ஆரம்பித்துவிட்டார். “நம்ம சாரைப் பத்தி ஒரு சேதி கேள்விப்பட்டேன். கொரோனா இவரு தெரு முனை வரைக்கும் வந்துச்சாம். பாஸ் இருக்கான்னு இவரு கேட்டாராம். இல்லைன்னு திரும்பிப் போயிருச்சாம்.” கூட்டம் சிரித்தது. இரண்டாவது வரிசையில் இருந்த என் மனைவியும் சிரித்தாள்.

சுதந்திர அணிக்குத் தலைவர் பழவங்காடிப் பிள்ளையார் கோவில் பக்கம் தேங்காய்க் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்.

“எங்க கடைத் தேங்கா எதுக்கு உள்ளது? பிள்ளையாருக்கு உடைக்கதுக்கு. நடையைச் சாத்திட்டாவ. உன் கடையையும் சாத்துன்னாவ. சாத்தினேன். பொறவு தொறந்து பாத்தா அம்புட்டும் முளைச்சு நிக்கி! தேங்காக் கடைக்காரன் தென்னங்கன்னுக் கடைக்காரனா ஆயிட்டேன் அய்யா!”

சிரிப்பு அடங்குமுன் என் பக்கம் திரும்பினார்.

“சாருக்கு என்ன? ஒண்ணாந்தேதி ஆனா பென்சன் வந்து விழும். வீட்டுக்குள்ள இரு, வெளிய வராதேன்னு சொல்லதுக்கு என்ன நோவு? சார், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தச் சட்டதிட்டத்தால உங்க வீட்டுல ஒரு நட்டம் உண்டா? ஒண்ணே ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. நான் இப்பமே மேடையை விட்டு எறங்கிடுதேன்.”

கை தட்டினார்கள். என் மனைவி தட்டவில்லை. மடியில் இருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

என் முறை வந்தது. நன்றாகத் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். மருத்துவமனையில் படுக்கை இல்லாமல் தவித்தவர்கள், மூச்சுக்கு அலைந்தவர்கள், கட்டுப்பாட்டால் பிழைத்தவர்கள் என்று வரிசையாகச் சொல்ல இருந்தேன். அவற்றில் எதையும் இன்றைக்கும் நான் மறுக்கவில்லை. ஆனால் எழுந்து நின்றதும், “அவருடைய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், நட்டம் உண்டு” என்று வாய் தொடங்கிவிட்டது. அக்கா, பாஸ், தெரு முனையில் நின்ற வண்டி, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்த வழி அன்றைக்குத் திறந்துதான் இருந்தது” என்றேன்.

நடுவர் மெதுவாக மணியைத் தட்டினார்.

“சார், நீங்க எந்த அணின்னு மறந்துட்டீங்களோ?”

“மறக்கல. இனி இந்த அணியில இருக்க எனக்கு மனசில்ல.”

“பட்டிமன்றத்துல நடுவுல அணி மாறுற வழக்கம் இல்லையே சார்.”

“வழக்கம் இல்லைதான். வழக்கத்தையும் விதியையும் பிடிச்சுக்கிட்டு நின்னது போதும். நீங்க மணி அடிச்சுக்கிடுங்க, நான் பேசி முடிச்சிட்டுத்தான் உக்காருவேன்.”

பேசி முடித்தேன். அன்று சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். இன்னொரு நோய் வந்தாலும் முகக்கவசம் போடுவேன், ஊசி குத்திக்கொள்வேன், கூட்டத்தில் போய் நிற்கமாட்டேன். பிறரையும் அப்படியே இருக்கச் சொல்வேன். ஆனால் சாகக் கிடப்பவளிடம் கூடப்பிறந்தவள் போவதைத் தடுக்க எந்த அரசாணைக்கும் உரிமை கிடையாது. அதை நானே வரைந்திருந்தாலும் கிடையாது. வரைந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆணை எழுதுகிறவனுக்கு அந்த அக்காவைத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. கூட வாழ்கிறவனுக்குத்தான் தெரியும். எங்கே மீற வேண்டும் என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். பிடித்தால் அபராதம் கட்டலாம், ஸ்டேஷனில் போய் உட்காரலாம். ‘அதெல்லாம் ஆபத்துக் காலம், எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்’ என்று என்னைத் தேற்ற வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எல்லாரும் அப்படி இருக்கவில்லை. டிரைவர் வண்டியோடு வந்தார். என் மனைவி பையோடு நின்றாள். நான்தான் அப்படி இருந்தேன்.

கீழே இறங்கியதும் தேங்காய்க் கடைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், சும்மா சனங்களைச் சிரிக்க வைக்கதுக்குக் கேட்டேன் சார். மனசுல வச்சுக்கிடாதீங்க.” நீங்கள் கேட்டதுதான் சரி என்றேன். இரண்டாவது வரிசையில் என் மனைவியின் நாற்காலி காலியாக இருந்தது.

செருப்புகள் கிடந்த இடத்தில் அவள் நின்றிருந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வீட்டுக்கு நடந்தோம். எங்கள் தெரு முனை வந்ததும், மூங்கில் கட்டியிருந்த அதே இடத்தில் நின்றாள்.

“ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லியாச்சு. அதுக்கு மின்ன எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல்ல, இல்லியா?”

அணி மாறினேன், மணியை மதிக்கவில்லை என்று வழியெல்லாம் உள்ளுக்குள் நிமிர்ந்துகொண்டு வந்திருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குக் கம்ப்யூட்டரிடம் உண்மை சொன்னதுபோல இன்றைக்கும் மைக்கிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவளிடம் இல்லை.

“தோணல்ல” என்றேன். “தப்பு.”

“ரெண்டும் தப்பு” என்றாள். கொஞ்சம் நடந்துவிட்டு, “அந்த வழியை நாளைக்குக் காட்டணும்” என்றாள்.

எனக்கே அந்த வழி தெரியாது. அதே டிரைவரைக் கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்காமல் காலையில் வந்தார். என் மனைவி உள்ளேயிருந்து வந்தபோது அந்த அரக்குச் சேலையை உடுத்தியிருந்தாள். மடிப்புக் கோடுகள் அப்படியே தெரிந்தன. கோடிக்கென்று எடுத்து வைத்ததை உயிரோடு இருக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் தொடக்கூட யோசிப்பார்கள்.

“அதையா உடுத்தியிருக்கே?”

“ஆமா. யாராவது கேட்டா, பாஸ் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

டிரைவர் முன்னால் பார்த்துக்கொண்டு சிரித்தார். பாறசாலை நெருங்கும்போது அவராகவே சொன்னார்: “அன்னைக்கு நான் உடனே போகல்ல சேச்சி. கோட்டை முக்குல வண்டியை இட்டுட்டுக் கொறே நேரம் நின்னேன். சேச்சி போன்ல விளிக்கும்னு நினைச்சேன்.”

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. ஒவ்வொரு மரத்திலும் பால் வடிகிற சிரட்டை. தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஓடை, குறுக்கே ஒரு சிமென்ட் பலகை. அந்தப் பக்கம் தமிழ்நாடு. ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, “எங்கோட்டாக்கும்?” என்றாள்.

“அக்கா வீட்டுக்கு” என்றாள் என் மனைவி.

பலகையில் ஏறி அந்தப் பக்கம் போனாள். நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வீட்டு முற்றத்தைக் கடக்கிற தூரம்கூட இல்லை.

“இவ்வளவுதானா?” என்றாள்.

நான் பலகைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இனி ஒரு தடவை அடைச்சாங்கன்னா, நான் உங்ககிட்ட கேக்க மாட்டேன்.”

“கேக்காதே” என்றேன்.

அவள் திரும்பி ரோட்டைப் பார்த்து நடந்தாள். நான் பலகையில் கால் வைத்தேன்.