நான் பிடுங்காத முட்செடி

எழுபதுகளின் நடுவில், கடல் கடந்து வந்து டூங்கபி என்ற ஊரில் நாங்கள் வீடு வாங்கியபோது, பின்னால் ஓடிய ஓடையின் கரை மாடு மேய்ந்து மொட்டையாகக் கிடந்தது. அதைப் பழையபடி காடாக்க வேண்டும் என்பது பக்கத்து வீட்டுக் கெவினின் ஆசை. ஞாயிறுதோறும் இருவருமாக, அங்கே எஞ்சியிருந்த புதர்களுக்கு நடுவே இருபது யூக்கலிப்டஸ் கன்றுகளை நட்டோம்.

குளிர்காலத் தொடக்கத்தில் அவன் இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தான். நான் யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டம் செய்த வீட்டில் பிறந்தவன். பயிருக்குப் பக்கத்தில் ஒரு புல் நின்றாலும் கை சும்மா இராது. அவனுக்கு உதவி என்று நினைத்துப் புதர்களையெல்லாம் பிடுங்கிக் குவித்தேன். ஒரு முட்செடி மட்டும் கையைக் கிழித்தது. அதை விட்டுவிட்டேன்.

அந்த வாரமே உறைபனி விழுந்தது. புதர்களின் மறைவு இல்லாமல் பத்தொன்பது கன்றுகள் கருகின. முட்செடிக்குள் நின்றது மட்டும் பச்சையாக இருந்தது.

"பனி அடிச்சுப் போட்டுது எண்டு சொல்லுங்கோவன்," என்றாள் மனைவி.

கெவின் வந்ததும் அதையேதான் சொன்னேன். அவன் புதர்க் குவியலைப் பார்த்தான். என் கைக் கீறலையும் பார்த்தான். அடுத்த ஞாயிறு ஒரு பெட்டி நிறைய முட்செடிகளோடு வந்தான். முதலில் இவற்றை நடுவோம் என்று மட்டும் சொன்னான்.

அவன் இருந்தவரை அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை.

இன்று அந்த மரம் கூரையைத் தாண்டி நிற்கிறது. அதன் நிழலில் முட்செடி எப்போதோ பட்டுப்போய்விட்டது.

"உந்தக் கட்டையைப் பிடுங்கி எறியுங்கோவன்," என்கிறாள் மனைவி.

"ஓம்" என்கிறேன். கைதான் போவதில்லை.