வெங்காயத் தோலும் ரத்னாபாயும்

சாலைக் கடைத்தெருவில் ரத்னாபாய் வெங்காயம் வாங்குகிறாள் என்றால் பின்னால் நிற்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். குவியலுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நகத்தால் லேசாகக் கீறி, உள்தோல் ஈரமாய்ப் பிரிகிறதா என்று பார்ப்பாள். பிரியாவிட்டால் திரும்பக் குவியலில் போட்டுவிடுவாள். கடைக்காரர் முதலில் முணுமுணுத்துப் பார்த்தார். அப்புறம் முன்கூட்டியே கேட்டுவிடப் பழகிக்கொண்டார். "டீச்சரே, இன்னிக்குக் கறிக்கா, காலேஜுக்கா?" கறிக்கு என்றால் அழுகலைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். காலேஜுக்கு என்றால் புது மூட்டையை அவிழ்த்தாக வேண்டும்.

பாறசாலைப் பக்கத்துக்காரி. நெடுநெடுவென்று உயரம், வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. வலது சுட்டுவிரலில் எந்நேரமும் பழுப்பாய் ஒரு கறை இருக்கும். புகையிலைப் பழக்கம் போலிருக்கிறது என்று புதிதாய்ப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது அயோடின். பெண்கள் கல்லூரியில் உயிர்நூல் சொல்லிக்கொடுக்கிறாள்.

அந்த வகுப்பின் கதையோ இழுபறி. இன்னும் முழு அங்கீகாரம் வரவில்லை. மேலிடத்துக் கமிட்டியிலிருந்து ஆள் வந்து பார்த்துச் சரி என்று எழுதினால் நிலைக்கும். இல்லையென்றால், டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பெண்கள் மதராஸுக்கு மூட்டை கட்ட வேண்டும். பெண்ணை மதராஸுக்கு அனுப்புவதைவிட நல்ல வரனாகப் பார்த்து அனுப்பிவிடலாம் என்று சொல்லும் அப்பாமார்தான் ஊரில் அதிகம். ரத்னாபாயும் பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப்போய், நகத்தை வெட்டு, பல்லைத் தேய் என்று சுகாதாரப் பாடம் நடத்த வேண்டியதுதான். அதற்குப் பேசாமல் கிணற்றில் விழலாம் என்பது அவள் கட்சி.

இத்தனைக்கும் அந்தப் பெண்கள் அவளைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெங்காயத்தின் உள்தோலை உரித்து, கண்ணாடிச் சில்லில் பரத்தி, ஒரு சொட்டு அயோடின் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுப்பாள். கண்டதை வரைய வேண்டும், அவ்வளவுதான் வேலை. பெண்கள் ஒற்றைக் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து ஒரு தரம் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருக்கும் படத்தை அச்சு அசலாக வரைந்து நீட்டுவார்கள்.

"ஏம் பிள்ளே, இது நீ குழலுக்குள்ள கண்டதா, புக்குல கண்டதா?" என்று ஒரு நாள் கரமனை பாகீரதியைக் கேட்டாள்.

"ரெண்டுலேயும்தான் டீச்சர்."

"ரெண்டுலயும் ஒண்ணுபோலயா இருந்து?"

"இல்லே. குழல்லே கறுப்பு விளிம்பா, வட்டமா என்னமோ தெரிஞ்சுது. அது தப்பா இருக்கும்னு தோணித்து. அதான் சரியா இருக்கறதைப் பார்த்து வரைஞ்சேன்."

அந்தக் கறுப்பு வட்டம் காற்றுக் குமிழி. ரத்னாபாய் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "சவம், குமிழிய வரஞ்சிருந்தாலும் மார்க்கு தந்திருப்பேனே" என்றாள். பாகீரதிக்குப் புரியவில்லை. அவளுக்கு வேறு கவலை. வெங்காயத்தைத் தொட்டது தெரிந்தால் வீட்டில் அம்மா தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டு வா என்பாள். தாமரை இதழை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கேட்டாள்.

வகைப்பாடு இதைவிட மோசம். திமிங்கிலத்தை மீன்களிடமிருந்து பிரித்தெடுக்க ரத்னாபாய்க்கு ஒரு டெர்ம் முழுக்கத் தொண்டை வறண்டது. பரீட்சையில் அது மறுபடியும் மீனாகவே போய்ச் சேர்ந்தது. பிராணிகளின் பெரும்பிரிவுகள் யாவை என்ற கேள்விக்கு ஒருத்தி, "கடிப்பவை, கடிக்காதவை" என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளைத் திருத்திய அன்று ரத்னாபாய் ராச்சாப்பாடு சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வெளியே வந்தால் அங்கே உபதேசியார் பிடித்துக்கொள்வார். மனுஷன் குரங்கிலிருந்து வந்தான் என்றா பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாய் என்று கேட்பார். "ஐயா, நான் இன்னும் வெங்காயத் தோல விட்டே வெளிய வரேல்ல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிடுவாள்.

வீட்டிலும் அயோடின் குப்பி ஓய்வதில்லை. பால்காரி உலகம்மை பாலில் அரிசிக் கஞ்சி கலக்கிறாள் என்று ரத்னாபாய்க்கு ஒரு சந்தேகம். ஒரு நாள் காலையில் அவள் கண்ணெதிரிலேயே கிண்ணத்துப் பாலில் ஒரு சொட்டு விட்டாள். பால் நீலமாய்ப் போயிற்று. உலகம்மைக்கு நடுக்கம் கண்டுவிட்டது. கொஞ்சம் தெளிந்ததும், "இந்த மருந்து தண்ணியையும் காட்டிக் குடுக்குமாம்மா?" என்று கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று ஒரு போடு போட்டிருப்பார்கள். ரத்னாபாய் யோசித்து, "இல்ல, அது மாவு இருந்தா மட்டுந்தான் காட்டும்" என்றாள். அன்றிலிருந்து உலகம்மை கஞ்சியை விட்டுவிட்டாள், தண்ணீரை மட்டும் தாராளமாய் விடுகிறாள். பிழைக்கத் தெரியாதவள் என்று அக்கம்பக்கம் சொல்லாமல் என்ன செய்யும்?

கமிட்டிக்காரர் வருகிற நாள் சரஸ்வதி பூஜை முடிந்த மறுவாரத்தில் வந்து விழுந்தது. பூஜை என்றாலே ரத்னாபாய்க்கும் அட்டெண்டர் வேலாயுதனுக்கும் சண்டை. நாற்பது வயதைத் தாண்டிய மனிதன், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பூஜைக்கு வைக்கும்போது மைக்ராஸ்கோப்புகளுக்கு ஒன்று விடாமல் சந்தனம் இட்டுவிடுவான். அதன் உச்சியில் இருக்கிற கண்ணாடிதான் அவனுக்கு நெற்றி. பெட்டிக்கு வை, மேசைக்கு வை, கண்ணாடிக்கு வைக்காதே என்று ரத்னாபாய் கெஞ்சியும் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். "நெத்தி இருக்கப்பட்ட எடத்துலல்லா சந்தனம் வைக்க முடியும்?" என்பான். இந்தத் தடவையும் அவள்தான் ஸ்பிரிட்டும் பஞ்சுமாக உட்கார்ந்து துடைத்து முடித்தாள்.

அன்று காலை விடிந்ததும் விடியாததுமாய் வந்து, நல்லதிலும் நல்லதான ஒரு மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்து, தோலை ஏற்றி, தானே பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். அறை அறையாய்த் தெளிவாகத் தெரிந்தது. பிறகு வாசலுக்குப் போனாள், வருகிறவரை எதிர்கொண்டு அழைக்க.

வந்தவர் வெங்கடகிருஷ்ணய்யர், ஸ்ரீவராகத்துக்காரர். கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உயிர்நூலைப் பார்க்கக் கணக்குக்காரரை அனுப்பிய புண்ணியவான் யாரோ. நல்ல மனிதர், பரம சாது. ஜாடிகளில் ஊறிய தவளைகளை ஓரக்கண்ணால் பார்த்து, சட்டென்று கடந்து, ஜன்னலோர முக்காலியில் வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நன்னாருக்கு" என்றார். "செங்கல் அடுக்கினாப்லே கட்டம் கட்டமா, ஸ்பஷ்டமாத் தெரியறது. ஒவ்வொண்ணுக்குள்ளேயும் அந்த நியூக்ளியஸ்கூட."

கூட வந்திருந்த பிரின்ஸிபால் அம்மாளும் குனிந்து பார்த்தாள். "ஆமாம் ஆமாம், நல்ல தெளிவு" என்றாள். இருவரும் மேசைப் பக்கம் போனார்கள். கமிட்டிக்காரர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். உபகரணங்கள் நல்ல நிலையில் உள்ளன, வகுப்பை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். ரத்னாபாய்க்கு உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு, தானும் ஒரு தரம் பார்க்கலாமே என்று குனிந்தாள்.

உள்ளே செங்கலும் இல்லை, சுவரும் இல்லை. மஞ்சளாய் ஒரு மூட்டம், அவ்வளவுதான். கம்மென்று சந்தன வாசனை அடித்தது.

நிமிர்ந்தாள். வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டு வேலாயுதன் நின்றான். நெற்றி நிறையச் சந்தனம், முகம் நிறையச் சிரிப்பு. அவள் பக்கத்தில் போனதும் ரகசியமாய்ச் சொன்னான். "பழவங்காடிப் பிள்ளையாருக்கு நம்ம வகுப்புக்காக ஒரு தேங்காய் ஒடச்சேன் டீச்சரம்மா. சந்தனத்த குழலுக்க அடிக் கண்ணாடியிலயாக்கும் வச்சது. மேல வச்சா நீங்க தொடச்சுப் போடுவிய."

"எப்பம் வச்சே?"

"நீங்க வாசலுக்குப் போனியளே, அப்பம். நல்லதுக்காக்கும்."

அவனை என்னவென்று திட்டுவது? அவன் கைக்காசைப் போட்டுத் தேங்காய் உடைத்திருக்கிறான். எரிச்சல் அவன்மேல் வரவில்லை. ஒன்றுமே தெரியாத மூட்டத்தைப் பார்த்துவிட்டு நியூக்ளியஸ் வரைக்கும் கண்டுவிட்ட அந்தப் பெரியவர்மேல் வந்தது, கூடப் பார்த்து ஆமாம் போட்ட பிரின்ஸிபால்மேல் வந்தது, வாயைத் திறக்காமல் நின்றால் எல்லாம் சுபமாய் முடியும் என்று அடிமனத்தில் கூட்டல் போட்ட தன்மேல்தான் எல்லாரையும்விட அதிகமாய் வந்தது. வகுப்பு நிலைக்கும். பாகீரதிகள் டாக்டராவார்கள். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் தன் சந்தனத்தால்தான் காரியம் பலித்தது என்று ஆயுசுக்கும் நம்புவான். பெரியவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தால் அந்தப் பேனா எப்படித் திரும்புமோ, யார் கண்டது?

மேசையில் வெங்கடகிருஷ்ணய்யர் கடைசி வரியை முடித்து, கையெழுத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்னாபாய் ஜன்னலுக்குப் போனாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அடிக் கண்ணாடியைத் துடைத்தாள். வேலாயுதனின் முகத்தில் சிரிப்பு வடிந்தது. அவள் திருகைத் திருகி, வெளிச்சத்தைத் திருப்பி, தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"ஸார்" என்றாள். "கண்ணாடியில சந்தனம் பட்டிருந்து. நீங்க ஒண்ணும் கண்டிருக்க மாட்டீங்க."

பிரின்ஸிபால் அம்மாள் பின்னாலிருந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். பெரியவரின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. ரத்னாபாய் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். பிறகு மைக்ராஸ்கோப்பை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேசையில், அந்தத் தாளின் மேலேயே வைத்தாள்.