தட்டுக்கு ஒரு சீட்டு

நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தரும் இன்றைய கம்பைலர்கள் சரியான வாயாடிகள். மதிப்பைத் தாங்கும் எந்த மாறி, ஃபங்ஷன் என்ற புரோகிராம் துண்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, எது வெளியே தப்பிப் போகிறது, அதற்கு நினைவகத்தில் எங்கே இடம் ஒதுக்கியிருக்கிறது என்பதையெல்லாம், கேட்டால் வரி எண்ணோடு சொல்லிவிடும். அந்தப் பட்டியலை நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். ஆபீசில் இளசுகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். சிப்புகளைச் சோதிக்கும் மெஷினுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது என் வேலை. அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் தீவில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் தனியாகக் கிடந்தேன். வெள்ளிக்கிழமை மாலை பாலத்தைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தால், திங்கட்கிழமை காலை வரை கடைக்காரரிடம் பால் இல்லாத காப்பிக்கு "கோப்பி ஓ" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. தொழிற்சாலையில் எஞ்சினியர்கள் ஹொக்கியன் சீனத்தில் பேசிச் சிரிப்பார்கள். என்னைக் கண்டதும் மரியாதைக்கு இங்கிலீஷுக்கு மாறுவார்கள். மாறியதும் பேச்சு நின்றுவிடும்.

அந்த மெஷினை ஓட்டிய அக்கா ஒருவர்தான் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கேன்டீனில் எனக்கு இடம் பிடித்து வைப்பார். எங்கே கண்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சாப்பிட்டியா தம்பி?" இல்லை என்றால் தொலைந்தேன். "இன்னைக்கும் மீ கோரெங் நூடுல்ஸ்தானா? வயிறு என்னத்துக்கு ஆவும் லா? இந்தா, சோத்த போட்டுக்க!" அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

என் புதிய புரோகிராமை மெஷினில் ஏற்றிய மாதம், அக்காவின் ஷிப்டில் மட்டும், தேறாத சிப்புகள் விழும் கழிவுப் பெட்டி நிரம்பி வழிந்தது. எடுத்து மறுபடி சோதித்தால் பாதிக்கு மேல் நல்ல சிப்புகள். மற்ற ஷிப்டுகளில் ஒரு தொல்லையும் இல்லை. அக்கா சிப்பைச் சரியாக உட்கார வைக்கவில்லை என்று மேனேஜர் முடிவுகட்டினார்.

அக்கா நேராக என்னிடம் வந்தார். "நான் ஒழுங்காதான் வைக்கிறேன் தம்பி. உன் புரோகிராமைக் கொஞ்சம் பாரேன். எப்ப இப்டி ஆவுதுன்னா..."

"ஆளு பாத்து வேலை செய்யிறதுக்கு அது என்ன மனுசனா அக்கா? புரோகிராம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று பேச்சை வெட்டினேன். என்ன வாய்க்கொழுப்பு!

அவரைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு வருஷம் மெஷின் ஓட்டியவர் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டப் போனார். அவர் இடத்துக்கு வேறொரு பெண் வந்த அன்றே கழிவும் நின்றுவிட்டது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். பேக்கிங்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம் வேறு. கேன்டீனில் என் எதிர் நாற்காலியில் அதன்பிறகு யாரும் உட்காரவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தணிக்கை வந்தது. விதிப்படி, ஒவ்வொரு தட்டுச் சிப்பும் முடிந்த கையோடு முடிவுச் சீட்டை அச்சடிக்க வேண்டும். ஆனால் ஷிப்ட் முடியும்போது மொத்தமாக அடிப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். தணிக்கைக்குப் பயந்து எல்லாரும் தட்டுக்கு ஒரு சீட்டு அடித்தார்கள். எல்லா ஷிப்டிலும் நல்ல சிப்புகள் கழிவில் விழத் தொடங்கின. அதுவரை விதியை மதித்துத் தட்டுக்கு ஒரு சீட்டு அடித்தவர் அக்கா ஒருவர்தான்.

எங்கள் பிரிவில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கம்பைல் செய்தால் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைகள் கொட்டும். திரையை அடைக்கிறதென்று அவற்றையெல்லாம் ஒரு கோப்புக்குள் தள்ளிவிட்டு, பிழை பூஜ்யமா என்று மட்டும் பார்ப்போம். வார்னிங்தானே, எரர் இல்லையே லா! அந்தக் கோப்பை அன்றுதான் முதல்முறையாகத் திறந்தேன். நடுவில் இருந்தது அந்த வரி: ஃபங்ஷனுக்கு உள்ளே இருக்கும் மாறியின் முகவரி வெளியே போகிறது.

சிப் தேறியதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அளவுகளை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, அவை இருக்கும் முகவரியை வெளியே கொடுத்திருந்தேன். ஃபங்ஷன் முடிந்தால் அந்த இடம் நமக்குச் சொந்தமில்லை. கோப்பிக் கடை மேசை மாதிரிதான், நாம் எழுந்ததும் அடுத்த ஆள் உட்கார்ந்துகொள்ளலாம். சீட்டு அடிக்கும் ஃபங்ஷன் வந்து அங்கே உட்கார்ந்து என் அளவுகளை அழித்துவிட்டது. ஒவ்வொரு ஷிப்டும் புரோகிராமைப் புதிதாகத் தொடங்குவதால், இடையில் சீட்டு அடிக்காதவர்களுக்கு அளவுகள் அப்படியே கிடந்தன. என் மேசையில் பிரிண்டர் இல்லாததால் நானும் அடித்துப் பார்த்ததில்லை.

திருத்துவதற்கு, அந்த இடத்தை நிரந்தரமாக்கும் ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது. தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். அக்காவை மெஷினுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்றுவிட்டார்.

பேக்கிங் பகுதிக்கு ஓடினேன். "தப்பு என்னோடதுக்கா. நீங்க ஒழுங்கா சீட்டு அடிச்சதாலதான் அப்படி ஆச்சு. மன்னிச்சிருங்க. திரும்பி வாங்கக்கா."

கையில் இருந்த டேப்பை வெட்டிக்கொண்டே சொன்னார். "தெரியும் தம்பி. சீட்டு அடிச்சப்பறம்தான் கெடுதுன்னு நான் அப்பவே பாத்து வெச்சிருந்தேன். அன்னைக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ கேக்கல."

அவமானமாக இருந்தது. ஆனாலும் நகர மனம் வரவில்லை. எப்போதும்போல 'சாப்பிட்டியா' என்று கேட்பார் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார்.