மஞ்சள் அடித்த முகங்கள்

அம்மா வரப்பில் வழுக்கி விழுந்தபோது எனக்கு எட்டு வயது. முழங்கால் வீங்கி வற்றியது. பிடிமானம் மட்டும் திரும்பவில்லை. அப்பா துபாயில் இருந்தார். அவர் போனில் விசாரித்தால் அம்மாவுக்கு எப்போதும் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

குளத்தூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வாரம் ஒரு நாள் பிசியோதெரபி அக்கா ஒருவர் ஸ்கூட்டியில் வருவார். தொடைச் சதைக்குப் பலம் வந்தால் முழங்கால் தானாக நிற்கும் என்றார். கணுக்காலில் சின்ன மணல் பையைக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்க வேண்டும். எடை கொஞ்சம், எண்ணிக்கை அதிகம். முப்பது முப்பதாக மூன்று தடவை.

எண்ணுகிற உத்தியோகம் எனக்கு. முடிந்ததும் வலியை ஒரு தாளில் குறிக்க வேண்டும். நாளுக்கு ஐந்து முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். "நாலாவதோ அஞ்சாவதோ வந்துச்சுன்னா நிப்பாட்டிட்டு எனக்குப் போன் பண்ணணும், சரியா?" என்று அக்கா என்னிடம்தான் சொன்னார். கலெக்டர் வேலை கிடைத்ததுபோல் தலையாட்டினேன்.

முதல் நாள், "எந்த மூஞ்சிம்மா?" என்று கேட்டேன். அம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்குப் புடிச்சதுல போடு தாயி" என்றாள். எனக்குப் பிடித்தது சிரிக்கிற முகம். அதற்கு மஞ்சள் கலர் அடித்தேன். மறுநாளிலிருந்து கேட்கவும் இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காலை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டேதான் மஞ்சள் அடித்தேன். கண் இருந்தும் குருடியாக இருந்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா தாளைப் பார்த்துப் பூரித்துப்போனார். "ஒரு நாள்கூட வலி இல்லையே! பாப்பா எவ்வளவு அழகாக் குறிச்சிருக்கு. இனி வெயிட்டைக் கூட்டலாங்க." அம்மா என்னைப் பார்த்தாள். நான் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தேன். அவள் சரியென்று தலையாட்டினாள். பெரிய பை வந்தது.

நான்காம் நாள், பதினேழு எண்ணும்போது முழங்காலுக்குள் ஏதோ மளுக்கென்றது. நான் நிறுத்தினேன். "எண்ணு" என்றாள். எண்ணினேன். இருபத்திரண்டில் மடங்கிய கால் அப்புறம் நீளவில்லை.

உள்ளே ஏற்கெனவே கிழிந்திருந்த சவ்வு, வலியோடு பாரத்தைக் கூட்டியதில் முழுதாகக் கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தும் கால் பழையபடி ஆகவில்லை. அம்மா மறுபடி வயலில் இறங்கவே இல்லை. இன்றும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். நான் பார்ப்பது தெரிந்தால் கையை எடுத்துவிட்டு நடக்கப் பார்க்கிறாள். அதைக் காண எனக்குத் தெம்பில்லை.

கால் மடங்கிய அன்றே செய்தி கேட்டு அக்கா ஓடிவந்தார். அம்மாவின் கட்டிலருகே நின்று தாளை நீட்டினார். "இதை யாருங்க இப்படிக் குறிச்சது?"

"நான் சொல்லித்தாம்மா புள்ளை குறிச்சுச்சு. தெனமும் வலியில்லைன்னு நாந்தான் சொன்னேன். அது என்ன செய்யும்?"

அக்கா அழுதுவிட்டார். கதவோரம் நின்ற எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாளும் கோடு தாண்டாமல் கலர் அடித்தது நான். எல்லாம் தான் சொல்லிச் செய்ததாக அம்மா எதற்குப் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறாள் என்று, அன்று முழுக்க நான் அவளிடம் பேசவில்லை.