கட்டிய இடத்தில் நின்ற குதிரை

என் வீட்டுக்காரர் குதிரையைச் சுழி பார்த்து வாங்கினார். கார்த்திகைத் தீபத்துக்குக் கூடும் மாட்டுச் சந்தையில் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாராம். கட்டினால் நிற்குமா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை கேட்பவர்கள் ஜாஸ்தி. ஒரு குதிரை இருந்தால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது அவர் நினைப்பு. உட்கார்ந்து சாப்பிடுவதில் அவருக்கு அதுவரையிலும் குறை இருந்ததில்லை.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குச் செவலைப் பெட்டைக்குதிரை வந்து சேர்ந்தது. கட்டும் வேலையைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் ஏற்றுக்கொண்டார். ஆயுசெல்லாம் மாடு கட்டிய கை. தரையோடு முளை அடித்து, குட்டைக் கயிற்றில் கட்டினார். மாடு என்றால் படுத்து அசைபோடும். குதிரைக்கு நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தாக வேண்டும். தலையைத் தூக்க முடியாமல் அது மிரண்டு, முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அண்ணனும் தம்பியும் நெடுநேரம் ஆலோசித்து, அதைவிடப் பெரிய முளையாக அடித்தார்கள்.

அடுத்த கூத்து வெல்லம். குதிரை இழுத்து முரண்டு பிடித்தால் போதும், என் வீட்டுக்காரர் வெல்லக்கட்டியோடு ஓடி, கொஞ்சிக் கொஞ்சி ஊட்டி, கயிற்றையும் அவிழ்த்துவிடுவார். அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசிக் கேட்டதே இல்லை. இழுத்தால் வெல்லம் கிடைக்கும் என்று குதிரை தெரிந்துகொண்டது. அந்த வீட்டில் அதற்காவது மூளை இருந்தது. முதல் கல்யாணத்திலேயே பந்தல்காலைப் பிடுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. தை மாத முகூர்த்தத்திலும் நிற்கவில்லை என்றால் புரோக்கரிடம் தள்ளிவிடுவதாக அவர் சொன்னார். புரோக்கர் என்ன செய்வார் என்று கேட்டேன். அது நமக்கெதற்கு என்றார்.

எனக்கு அந்தக் குதிரையைப் பிடித்திருந்தது. நான் பேசினால் காதைத் திருப்பிக் கேட்கிற ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அவர் டீக்கடைக்குக் கிளம்பியதும், வேப்பமரத்தில் குதிரையின் முதுகு உயரத்துக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதில் கயிற்றை முடிந்தேன். காற்றில் துணிக்கொடி அறுந்துபோகாமல் இருக்க நான் செய்துவைத்திருந்த அதே ஏற்பாடு. இழுத்தால் டியூப் நீளும், விட்டால் சுருங்கும். பக்கத்தில் பலகை போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்தேன். அது இழுத்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மரத்தோடு மல்லுக்கட்டி அலுத்து, கயிறு தொய்ய நின்ற பிறகுதான் எழுந்துபோய்க் கழுத்தைச் சொறிந்துவிட்டேன். நாள் போகப் போகப் பக்கத்திலேயே பாத்திரத்தைத் தட்டினேன், போர்வையை உதறினேன். மார்கழி முடிவதற்குள் ஒரு பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டு தூங்கவே ஆரம்பித்துவிட்டது.

தை முகூர்த்தத்தில், கல்யாண மண்டபத்து வாசலில் பேண்டு முழங்க, சரவெடி வெடிக்க, குதிரை கட்டிய இடத்தில் அசையாமல் நின்றது. எல்லாம் வெல்லத்தின் மகிமை என்று என் வீட்டுக்காரர் மீசையைத் தடவியபடி ஊருக்கே விளக்கம் சொன்னார். பாண்டிச்சேரிக் கடற்கரையில் குதிரைச் சவாரி விடுகிற ஒருவர் பந்திக்கு வந்திருந்தார். அவர் சாப்பிடக்கூடப் போகாமல் குதிரையையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அவருடைய வேன் எங்கள் வாசலுக்கு வந்தது.

"நிக்கலைனாதானேங்க வித்துடுவேன்னு சொன்னீங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நின்னதாலதான்டி தேடி வந்து கேக்கறாரு. நிக்காத குதிரைய எவன் கேப்பான்?"

பாண்டிச்சேரிக்காரர் வேப்பமரத்தடிக்குப் போனார். இழு, இப்போதாவது இழுத்துத் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன். முன்பின் தெரியாத கை முடிச்சில் பட்டது. கயிற்றைத் தொய்யவிட்டு, கண்ணைப் பாதி மூடி, அவர் அவிழ்த்து முடிக்கும்வரை அது பொறுமையாக நின்றது.