கீழக்கரைத் தொதலும் பூம்பாறைக் குளிரும்

கொடைக்கானலுக்குச் சீசனில் வந்து போகிறவர்களை வருஷா வருஷம் வேடிக்கை பார்த்த வீரம்மா, எண்பத்தோராம் வருஷ மார்கழியில் தானே ஓர் ஊருக்கு உல்லாசமாகப் போய்வந்தாள். பூண்டுக்காட்டில் கூலி வேலை பார்ப்பவளுக்கு இதெல்லாம் தேவையா என்று பூம்பாறையில் கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும். களையெடுப்பு ஓய்ந்து கை சும்மா இருந்தது. பூண்டு ஏற்றிப்போன லாரியில் டிரைவர் பொன்னுச்சாமி ஓசியில் இடம் கொடுத்தான். புருஷன் சோலைமுத்துவைக் கூட்டிக்கொண்டு கீழக்கரைக்குக் கிளம்பிவிட்டாள்.

கடல் அவளுக்குப் புதிதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அவளுடையது. அன்றைக்குக் கடலைப் பார்க்க யாருக்கு மனசிருந்தது? மூட்டை முடிச்சைப் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது. இந்தத் தடவைதான் மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள், மடியில் தின்பண்டப் பொட்டலத்தோடு.

கீழக்கரையில் தின்பதற்கா பஞ்சம்! பொன்னுச்சாமி சொல்லிவிட்டுத் தங்கிய வீட்டு அம்மா முதல் நாளே வட்டலப்பம் அவித்துக் கொடுத்தார். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து நாக்கில் வைத்ததும் கரைந்தது. அதைவிட அவளைக் கிறங்கடித்தது அல்வாக்கடைத் தொதல்தான். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலிலும் கருப்பட்டியிலும் கிண்டி இறக்கியது. கறுகறுவென்று, எண்ணெய் மினுங்க, வாழையிலைத் துண்டில் வந்தது. வெட்கப்படாமல் தின்றாள்.

"போதும்டி. மலையேறுறப்ப லாரி மூச்சு வாங்கப் போவுது" என்றான் சோலைமுத்து.

"அது பொன்னுச்சாமி அண்ணே கவல" என்று இன்னொரு துண்டு கேட்டாள்.

டீக்கடையில் சீனி போடாமல் கட்டன்சாயா கேட்டாள். தோட்டத்தில் பழகிய வழக்கம் அது: சூடான வெறும் தேத்தண்ணியை ஒரு மடக்கு குடிப்பது, கையிலிருக்கும் இனிப்பை ஒரு கடி கடிப்பது. கடைக்காரர் சிரித்தார். "சிலோன்ல இருந்தீங்களாம்மா?" என்று சொந்தக்காரரை விசாரிப்பதுபோலக் கேட்டார். பூம்பாறையில் சிலோன் என்ற சொல்லை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

பூம்பாறைப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. வேலைக்கு நடுவே வட்டமாக உட்கார்ந்து அவரவர் கொண்டுவந்ததைப் பகிர்ந்து தின்பார்கள், வீரம்மாவுக்கும் கொடுப்பார்கள். ஆனால் அவள் கையிலிருந்து எதையும் வாங்க மாட்டார்கள். சிலோனிலிருந்து கொண்டுவந்த கேத்தல் என்னும் மூக்குவைத்த கெண்டி நிறைய அவள் தினமும் தேத்தண்ணி சுமந்து வருவாள். "வயிறு திம்முனு இருக்குத்தா" என்று மூத்தவளான பெருமாயி சொல்வாள். மற்றவர்களுக்கும் உடனே வயிறு நிறைந்துவிடும். கேத்தல் பாதிக்குமேல் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பும். இந்தத் தொதலை எவளால் வேண்டாமென்று சொல்ல முடியும், பார்த்துவிடலாம் என்றுதான் ஊர் திரும்பும்போது ஓர் ஓலைப்பெட்டி நிறைய வாங்கினாள்.

மலைக்கு வந்து, வட்டத்தின் நடுவில் பெட்டியைத் திறந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கறுப்புத் தொதல் கல்லாக இறுகி, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது.

பெருமாயி எட்டிப் பார்த்தாள். "ஆத்தாடி, கொழுப்புல்ல ஒறஞ்சு கெடக்கு! என்ன கொழுப்போ, எந்த உசுரோ. பழனிக்கு மால போட்ட வீடுங்க எங்களது."

நீண்ட கைகள் மடங்கின. வீரம்மாவுக்குக் கண் நிறைந்தது; அடுத்த நிமிஷம் ஆத்திரம் வந்தது.

"மதினி, ஒங்க தலமுடிக்கு வைக்கிற தேங்காயெண்ண போத்தல்ல எப்பிடிக் கெடக்கு?"

"இந்தக் குளிருக்கு ஒறஞ்சுதான் கெடக்கும். அடுப்போரம் வச்சு உருக்கணும்."

"அதுல எந்த உசுரு இருக்குதுன்னு பாத்தீங்களா?"

கண்மணி என்பவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாருக்கும் பரவியது. பெருமாயி சிரிக்கவில்லை. வீரம்மா ஒரு துண்டை எடுத்து, கேத்தலின் சூடான வயிற்றில் ஒட்டிப் பிடித்தாள். வெள்ளை உருகி எண்ணெயாக வழிந்தது. தேங்காய் வாசனை வந்தது. துண்டை நீட்டினாள். எல்லாரும் பெருமாயியின் கையையே பார்த்தார்கள்.

பெருமாயி வாங்கினாள். ஒரு கடி கடித்து, வெகுநேரம் மென்றாள்.

"ரொம்பத் தித்திப்பு" என்றாள் கடுகடுவென்று. "வெறுவாயில எப்பிடித் திங்கிறது?" தன் தூக்குவாளி மூடியைக் கவிழ்த்துத் துடைத்து முன்னால் நீட்டினாள். "வெரசா ஊத்து, ஒன் தேத்தண்ணிய."

வீரம்மா மூடி வழிய வழிய ஊற்றினாள். மற்றவர்களும் மூடிகளை நீட்டினார்கள். அன்றைக்கு அவளுக்குக் குடிக்க ஒரு சொட்டு மிஞ்சவில்லை. சாயங்காலம் காலிக் கேத்தலை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.